கேள் என்ற சொல்லுக்கு இரு பொருள்!

தோழா!

தமிழிலே 'கேள்' என்றொரு சொல் உண்டு. செவி கொடு என்பது அதன் ஒரு பொருள். வினா எழுப்பு என்பது மற்றொரு பொருள். ஒரே சொல், அதற்குள்ளே ஒருவன் வாய்மூடி நிற்கிறான், மற்றொருவன் வாய் திறந்து நிற்கிறான். இந்தச் சொல்லை இரண்டாக வெட்டி, முதற் பாதியை மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மறு பாதியைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் ஆட்சிப் பீடங்களில் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேச அமர்ந்திருக்கிறேன்.

செய்தி இதுதான். பள்ளிக் கணினியிலும் பொது நூலகக் கணினியிலும் இணையம் இருக்கலாமாம். ஆனால் படிக்கிறவன் திருப்பிப் பேசுகிற தளங்கள், தன் கருத்தைத் தானே பதிகிற தளங்கள், முன்பின் அறியாதவரிடம் ஐயம் கேட்டுத் தெளிகிற தளங்கள், இவை மட்டும் திறக்கலாகாதாம். ஏன் என்று கேட்டால், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்கிறார்கள். பாதுகாப்பு என்பது போர்வை. போர்வையை நான் பழிக்கமாட்டேன், தோழா. அது நல்ல நூலில் நெய்ததுதான். போர்வைக்குள்ளே படுத்திருப்பது யார் என்பதல்லவா நமக்குக் கவலை!

நான் நாடகக்காரன். வாதம் தொடங்குமுன் ஒரு காட்சியைக் காட்டாவிட்டால் எனக்குக் கை ஓடாது. நடந்த கதையென்று சொல்லமாட்டேன்; நடக்கக்கூடிய காட்சி.

இடம், ஓசூர். மாலை நேரம். சிப்காட்டிலே முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வருகின்றன. அந்த பஸ்ஸிலே நம் கதையின் தந்தை இல்லை. அவர் நிரந்தரத் தொழிலாளியல்லர், ஒப்பந்தக்காரர் அனுப்பி வைக்கிற ஆள். அவருக்கு இன்று இரண்டாம் ஷிப்ட். தாய் பாகலூர்ப் பக்கம் பசுங்குடிலிலே ரோஜா வெட்டுகிறாள். காதலர் நாளுக்குக் கடல் கடந்து போகிற ரோஜா. வெட்டியவள் கையிலே மிஞ்சுவது முள் கீறிய கோடு. வீட்டிலே பாட்டி பேசுவது தெலுங்கு. பக்கத்து வீட்டிலே கன்னடம். பள்ளியிலே தமிழ். மூன்று மொழியும் முற்றத்திலே கலந்து விளையாடும் எல்லைப்புறத்து வீடு அது. மகள் பதினொன்றாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே கைபேசி. அது தந்தையின் சட்டைப் பையிலே ஆலைக்குப் போய்விட்டது. ஆகவே அவள் நூலகத்துக்கு வருகிறாள்.

கணினி முன் அமர்கிறாள். வேதியியலிலே ஒரு கணக்கு. விளக்கம் எழுதிய பக்கம் திறக்கிறது. படிக்கிறாள், விளங்கவில்லை. மறுபடி படிக்கிறாள், மறுபடியும் விளங்கவில்லை. பக்கத்தின் அடியிலே, ஐயம் இருந்தால் இங்கே கேட்கலாம் என்றொரு கட்டம். அழுத்துகிறாள். திரையிலே ஒரு வரி: இத்தளத்துக்கு அனுமதியில்லை.

அதே மாலை, அதே ஊர், வேறொரு தெரு. மாடி வீடு. அதே வகுப்பு, அதே கணக்கு, அதே ஐயம். ஆனால் அந்தப் பையனுக்குத் தனி அறை, தனிக் கைபேசி, வீட்டுக்குள் தனி இணைப்பு. அவனும் கேட்கிறான். இரவு உணவுக்குள் மூன்று விடைகள் வந்துவிடுகின்றன. ஒன்று மதுரையிலிருந்து, ஒன்று சிங்கப்பூரிலிருந்து, மூன்றாவது எங்கிருந்தென்று அவனுக்கே தெரியாது. மூன்றிலே ஒன்று தவறு. எது தவறென்று கண்டுபிடிக்கிற முயற்சியிலேயே அவனுக்குக் கணக்கு விளங்கிவிடுகிறது.

திரை விழட்டும், தோழா. இப்போது சொல். அந்தப் பூட்டு எவனிடமிருந்து எவளைக் காத்தது? கெட்டவன் ஒருவன் வலையிலே பதுங்கியிருந்தால், அவன் மாடி வீட்டுப் பையனின் அறைக்குள்ளே தாராளமாக நுழையலாம், அங்கே பூட்டில்லை. நூலகர் பார்த்துக்கொண்டிருக்கிற, பத்துப் பேர் நடமாடுகிற, ஊருக்கே பொதுவான கூடத்திலேதான் பூட்டு! திருடன் வருகிற கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டுவிட்டு, ஊர் கூடுகிற சாவடிக்குத் தாழ் போடுகிற காவல் எந்த ஊர்க் காவல்?

இது என் கற்பனையிலே பிறந்த பூட்டன்று. சட்டமாகவே வார்த்து எடுக்கப் பார்த்த நாடு ஒன்று உண்டு. சுதந்திர தேவியின் சிலையைத் துறைமுகத்திலே நிறுத்தி வைத்திருக்கிற அமெரிக்காதான் அது. 2000ஆம் ஆண்டிலே முதற்படி. தொலைத்தொடர்புச் செலவுக்கு அரசு மானியம் பெறுகிற பள்ளிகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்தவேண்டும் என்று சட்டம் வந்தது. நூலகர் சங்கம் வழக்காடியது. 2003ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சரி, ஆபாசத்துக்கு வாதாட நான் வரவில்லை. ஆனால் அடுத்த படியைப் பார். 2006ஆம் ஆண்டு மே மாதம், பென்சில்வேனியாவைச் சேர்ந்த மைக்கேல் பிட்ஸ்பேட்ரிக் என்ற உறுப்பினர் புதிய மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். இம்முறை குறி ஆபாசமன்று, பேச்சு! ஒருவர் தம்மைப் பற்றி எழுதிவைக்கவும், மற்றவரோடு உரையாடவும் இடந்தருகிற வணிகத் தளங்களையும் அரட்டை அறைகளையும் மானியம் பெறும் பள்ளிகளும் நூலகங்களும் அடைத்துவிட வேண்டும். பெரியவர் மேற்பார்வையிலே, கல்விக்கென்றால் திறக்கலாம் என்று சிறு சாளரம் ஒன்றும் வைத்தார்கள். சூலை 26ஆம் நாள் கீழவை அதை நிறைவேற்றியது. ஆதரவு 410. எதிர்ப்பு, வெறும் 15!

நானூற்றுப் பத்துப் பேர்! பிள்ளைகளைக் காக்கும் மசோதாவுக்கு எதிராகக் கை தூக்கினால், தேர்தலிலே எதிரி என்ன சொல்வான் என்ற அச்சம். பெயரைச் சூட்டும்போதே பாதி வெற்றியை வாங்கிவிடுகிற தந்திரம் அது. மேலவையிலே அது நிறைவேறாமல் மடிந்தது. மசோதா மடிந்தது, எண்ணம் மடியவில்லை.

வணிகத் தளம், உறுப்பினர் பக்கம், உரையாடல் என்று வலையை விரித்தால் அதிலே என்னென்ன மீன் விழும் என்று அப்போதே அந்நாட்டு நூலகர்கள் கேட்டார்கள். நம் ஊர்க் கணக்கிலே நாமும் கேட்போம். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலே தொடங்கியது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். எந்த அரசும் சம்பளம் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. ஆசிரியரும், மாணவரும், ஓய்வுபெற்ற எழுத்தரும், அயல்நாட்டிலே கூலிக்கு உழைக்கிற தமிழனும், ஈழத்துத் தமிழனும் எழுதிக் குவித்தது. எழுதியவனை மற்றவன் திருத்துகிறான். திருத்தியவனோடு அவன் வாதாடுகிறான். அந்த வாதாடும் பக்கம் இருப்பதாலேதான் அது வளர்ந்தது. படிக்கிறவனெல்லாம் எழுதலாம், எழுதியவனோடு பேசலாம் என்பதுதான் குற்றமென்றால், தமிழுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்துவரும் அந்தப் பெருங்கொடையும் குற்றப்பட்டியலிலேதான் விழும்.

'அமெரிக்காவிலே ஆயிரம் நடக்கும், இங்கென்ன?' என்கிறாயா? இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேள். இரண்டு பொருளிலும் கேள்!

2003ஆம் ஆண்டு. மேகாலயாவைச் சேர்ந்த சிறு குழு ஒன்று யாகூவிலே ஒரு குழுமம் வைத்திருந்தது. அதை அடைக்க டில்லி ஆணையிட்டது. ஆணையைப் பெற்ற இணைப்பு நிறுவனங்கள் என்ன செய்தன? அந்த ஒன்றை மட்டும் அடைக்க வகையறியாமல், யாகூ குழுமங்கள் அத்தனையையும் அடைத்தன. 2006ஆம் ஆண்டு சூலை. மும்பை ரயில்களிலே குண்டு வெடித்த சில நாட்களில், இருபதுக்கும் குறைவான பக்கங்களை அடைக்கச் சொல்லி ஆணை. அடைபட்டதோ, இலட்சக்கணக்கானோர் எழுதிவந்த பிளாக்ஸ்பாட் முதலிய தளங்கள் முழுவதுமாக! மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவன் கதையைப் பாட்டி சொல்லிச் சிரித்தோம். டில்லி சொல்லாமலே செய்து காட்டியது.

இவையெல்லாம் கைத்தவறு என்பார்கள். கைத்தவறல்லாத ஒன்றைக் காட்டுகிறேன். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் காஷ்மீரிலே இணையம் அறுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், இணையத்தின் வழியே பேசுவதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற உரிமைதான், காலவரையின்றி அதை அறுத்துவைக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. அதன் பிறகு அங்கே திறந்தார்களே, எப்படித் திறந்தார்கள் தெரியுமா? வெள்ளைப் பட்டியல் போட்டுத் திறந்தார்கள். முதலிலே 153 தளங்கள், பிறகு 301. பட்டியலிலே இருப்பதைப் பார்க்கலாம். இல்லாதது எதுவும் கூடாது. வங்கி இருந்தது, கல்வித் தளம் இருந்தது. நெட்பிளிக்ஸ் இருந்தது, தோழா, நெட்பிளிக்ஸ்! ஹாட்ஸ்டாரும் இருந்தது! சமூக வலைத்தளங்கள் மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் படம் பார்த்துக் கிடக்கலாம். படம் எப்படி என்று அடுத்தவனிடம் இரண்டு சொல் பேசலாகாது. நூலகத்துக்கு வந்தவனானாலும், பள்ளிக்குப் போன பிள்ளையானாலும் அந்தப் பட்டியலுக்குள்ளேதான் உலகம். 2020ஆம் ஆண்டு மார்ச்சிலேதான் அந்தப் பட்டியல் நீங்கிற்று. அதிவேக இணைப்புத் திரும்ப 2021ஆம் ஆண்டு பிப்ரவரி ஆயிற்று. அதற்கிடையிலே நோய்த்தொற்று வந்து நாடெங்கும் வகுப்பறை கணினிக்குள் போனபோது, அந்தப் பிள்ளைகள் நத்தை வேகத்திலே ஆசிரியரைத் தேடினார்கள்.

காஷ்மீர் தொலைவிலே இருக்கிறது என்று நினைக்காதே. தூத்துக்குடி தொலைவா? 2018ஆம் ஆண்டு மே மாதம், ஆலைப் புகைக்கு எதிராக ஊர்வலம் போன மக்கள்மீது துப்பாக்கி வெடித்துப் பதின்மூன்று உயிர் போயிற்றே, அதற்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை அடைத்தார்கள். மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கவேண்டிய நாளிலே, கேட்கும் வழி மூடப்பட்டது.

நம் எல்லைக்கே வருவோம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. காலையிலே போய் மாலையிலே திரும்புகிறவர் ஆயிரமாயிரம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அந்த நகரத்திலே வதந்தி ஒன்று கிளம்பிற்று. வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி. உணவு விடுதியிலே பரிமாறியவன், வாயிலிலே காவல் நின்றவன், கல்லூரியிலே படித்தவன் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்திலே குவிந்தார்கள். சிறப்பு ரயில் விட்டுத்தான் கூட்டத்தைத் தாங்க முடிந்தது. டில்லி என்ன செய்தது? ஒருவர் ஒரு நாளில் ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பலாகாது என்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களை அடைத்தது. அடைபட்டவற்றை ஆராய்ந்தவர்கள் பிறகு ஒன்றைக் கண்டார்கள். பொய்ப் படத்தைப் பொய்யென்று எடுத்துக்காட்டி எழுதிய பக்கங்களும் அதிலே இருந்தன! வதந்தி வாய்வழியாக ஓடிக்கொண்டிருந்தது. மறுப்பின் வாயிலேதான் துணி அடைத்தார்கள்.

எல்லைப்புறத்திலே வாழ்கிறவனுக்கு இது புத்தகச் செய்தியன்று. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், காவிரியின் பேரால் பெங்களூரிலே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது, அத்திப்பள்ளியிலே வண்டி நின்றுவிட, பையும் பிள்ளையுமாக நடந்து எல்லையைக் கடந்தவர்களை நினைத்துப்பார். இந்தப் பக்கம் போகலாமா, அந்தப் பக்கம் தீயா என்று அறிந்துகொள்ள ஒருவரையொருவர் கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன துணை? அச்சம் பரவுகிற நேரத்திலேதான் கேள்வி வேண்டும். பூட்டுகிறவர்களோ அந்த நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஓசூருக்குப் பக்கத்திலே தொரப்பள்ளி என்றொரு கிராமம். அறியாதவர் இல்லை. 1878ஆம் ஆண்டு ஆச்சாரியார் பிறந்த ஊர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து 1953ஆம் ஆண்டிலே அவர் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரம் தகப்பன் செய்யும் தொழில். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நின்றது. நாடு கொந்தளித்தது. 1954ஆம் ஆண்டிலே ஆச்சாரியார் பதவி விலக, காமராசர் வந்தார், திட்டம் போயிற்று.

அந்தத் திட்டத்துக்கும் நியாயம் சொன்னார்கள், மறந்துவிடாதே! பள்ளிகள் போதவில்லை, பாதி பாதியாக வைத்தால் இருமடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்றார்கள். பேச்சிலே அன்பு இருந்தது, கணக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பாதி நாள் எந்தப் பிள்ளைக்கு? பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைக்கு முழு நாள். பட்டிக்காட்டுப் பிள்ளைக்குப் பாதி நாள். இன்று பாதித் திரை! பணம் உள்ளவனுக்கு முழுத் திரை. பொதுக் கணினியைத் தேடி வருகிறவளுக்குப் பாதி. அன்று போலவே இன்றும், உன் நன்மைக்காகத்தான் என்கிறார்கள்.

தோழா, இன்னொரு வேடிக்கை. 2016ஆம் ஆண்டிலே குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையும் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலே குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று அதிலே ஒரு வாசல். பதினான்கைத் தாண்டிவிட்டால், ஆபத்தான தொழில்கள் தவிர மற்றவற்றிலே வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டிலே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே பதினெட்டு நிரம்பாதவரெல்லாம் குழந்தை. குழந்தையின் விவரத்தை ஒரு தளம் கையாளவேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்கவேண்டும். இரண்டையும் பக்கத்திலே வைத்துப் படி. பதினைந்து வயதுப் பெண் கூலிக்கு உழைக்கும் வயதை அடைந்துவிட்டாள். ஒரு தளத்திலே பெயர் பதிந்து கேள்வி கேட்கும் வயதை அடையவில்லை! பசுங்குடிலிலே ரோஜா வெட்டுகிற தாய், இணையத்தின் முன் தன்னைத் தாயென்று எந்தச் சான்றால் மெய்ப்பிப்பாள்? அதை அவளுக்கு எழுதிக் கொடுக்கப்போவதும் அந்த மகள்தான்.

எனக்குத் தடையோடு குடும்பப் பகை உண்டு. நாடகக்காரர்கள் குடும்பத்தைச் சொல்கிறேன். 1954ஆம் ஆண்டு, அதே சென்னை அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. எம். ஆர். ராதாவின் நாடகத்துக்கு அஞ்சி வந்த சட்டம் அது. நாடகத்தின் உரையாடல் முழுவதையும் முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுக்கவேண்டும். அவர்கள் படித்துப் பார்த்து 'ஆகட்டும்' என்றால்தான் மேடை. அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2013ஆம் ஆண்டு! ஏறத்தாழ அறுபது ஆண்டு! நாடகத்துக்கு ஏன் அவ்வளவு அச்சம்? அச்சடித்த புத்தகம் படிப்பவனைத் தனியாக உட்காரவைக்கிறது. நாடகமோ கூட்டத்தோடு பேசுகிறது. கூட்டம் கைதட்டியும் சீட்டியடித்தும் மறுமொழி சொல்கிறது. மறுமொழி வரும் இடத்தைத்தான் ஆள்பவன் அஞ்சுவான்.

நான் கல்லூரியைப் பாதியிலே விட்டவன். மறைக்கவில்லை, பெருமைப்படவும் இல்லை. கட்டணம் கட்ட வழியில்லை, வந்துவிட்டேன். எனக்கு மிச்சப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தது படிப்பகம். அங்கே ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். கேட்பார்கள் என்றால், வாயைப் பிளந்துகொண்டா? 'நிறுத்தப்பா, அந்தப் புள்ளிவிவரத்தை மறுபடி படி' என்பான் ஒருவன். 'போன வாரம் வேறு மாதிரி எழுதினாரே' என்பான் மற்றொருவன். தேநீர் ஆறிப்போகும், வாதம் ஆறாது. அந்தப் படிப்பகத்திலே பேசக்கூடாது, படிக்க மட்டும் செய் என்று பலகை மாட்டியிருந்தால் நான் இன்று உனக்கு எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். இன்றைய படிப்பகத்திலே பெஞ்சுக்குப் பதில் கணினி இருக்கிறது, வேறென்ன மாறிற்று?

'உணர்ச்சியாகப் பேசுகிறாய், ஆபத்து உண்மைதானே?' என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆபத்து உண்மை. பெண் பிள்ளையின் படத்தை வாங்கி மிரட்டுகிறவன் இருக்கிறான். வயதை மறைத்து நண்பன் போல் வருகிறவன் இருக்கிறான். சூதாட்டம் விரித்துப் பையன்களை விழுங்குகிறவன் இருக்கிறான். அவனைப் பிடிக்கச் சட்டம் இல்லையா? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே, குழந்தைகளை இழிவாகப் படம் பிடித்துப் பரப்புகிறவனுக்கென்றே 67பி பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டங்களை நடத்த ஆளும் அக்கறையும் வேண்டும்; மிரட்டப்பட்ட பிள்ளை புகார் கொடுக்க வந்தால் உட்காரவைத்துக் கேட்கும் காவல் நிலையம் வேண்டும். அது செலவு, உழைப்பு. நூலகக் கணினியிலே ஒரு பட்டியலைத் தட்டிவிடுவதோ மலிவு. மலிவான வழியைத் தேர்ந்துகொண்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவைப் பாரென்பார்கள். பார்ப்போம். 2024ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றி, 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10 முதல், பதினாறு வயதுக்குட்பட்டவர் பெரிய சமூக வலைத்தளங்களிலே கணக்கு வைத்திருக்கலாகாது என்று நடைமுறைப்படுத்தினார்கள். அந்த வயதுக் கோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றைக் கவனி. மீறினால் தண்டம் பிள்ளைக்கல்ல, பெற்றோருக்குமல்ல, நிறுவனத்துக்கு. அதுவும் 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை. மாடி வீட்டுப் பிள்ளைக்கும் குடிசை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே விதி. நம் நாட்டிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று குரல் கொடுக்கிறவர்கள், அந்தத் தண்டத்தையும் சேர்த்துக் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொள். கம்பெனிக்காரன் கதவுக்குப் பூட்டுப் போடத் துணிவில்லாதவன்தான் நூலகத்துக் கதவைத் தேடி வருவான்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி மாணவியர் விடுதி. மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைபேசி கூடாதென்று விதி. படிக்கிற நேரமே அதுதானே, படிப்பதற்கே அது வேண்டுமே என்று மறுத்தாள் ஒரு மாணவி. விடுதியை விட்டு அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டு ஊருக்குப் போகவில்லை, உயர்நீதிமன்றத்துக்குப் போனாள். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: இணையத்தை அடையும் உரிமை கல்வி உரிமையோடும் தனிமனித அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி. வி. ஆஷா. ஒரு பெண் கேட்டாள், ஒரு பெண் விடை சொன்னாள்.

1948ஆம் ஆண்டு, விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கண்டது நம் சென்னை மாகாணம். சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலே அலமாரிகளைத் திறந்துவிட்டு, படிப்பவன் தானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியவர் அவர். மேலை நாடுகளிலே நூலைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலம் உண்டு. களவு போகுமென்ற அச்சம், அதுவும் பாதுகாப்புத்தான்! அந்த நூலகச் சட்டத்தாலே வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். மாடி வீட்டுக்காரர் கட்டுகிறார். அந்தப் பெண்ணின் வீட்டு வாடகைக்குள்ளேயும் அது கலந்து கிடக்கிறது. காசு கொடுத்தவள் கதவுக்கு வெளியே நிற்பதா?

வடிகட்டிப் பட்டியலை எழுதுவது யார் என்பதையும் எண்ணிப்பார். டில்லி ஒரு பக்கத்தை 69ஏ பிரிவின்கீழ் அடைப்பதானால், காரணத்தை எழுத்திலே பதியவேண்டும். குழு ஒன்று ஆராயவேண்டும். 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் 66ஏ பிரிவைக் குப்பையிலே எறிந்த உச்சநீதிமன்றம், 69ஏயை நிற்கவிட்டதற்கு இந்தக் காப்புகளைத்தான் காரணமாகக் காட்டிற்று. அந்த ஆணைகளும் இரகசியம் என்று 2009ஆம் ஆண்டின் விதியிலே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் விலைக்கு வாங்கிப் பொருத்துகிற வடிகட்டிக்கு அந்த அளவு காப்புக்கூட இல்லை. எங்கோ ஒரு நிறுவனம் வகை பிரித்து எழுதிய பட்டியல். அதிலே 'உரையாடல்' என்ற வகைக்கு நேரே ஒரு புள்ளி வைத்தால் அத்தனையும் அடையும். எவர் வைத்தார், ஏன் வைத்தார், எவரிடம் முறையிடுவது? நூலகரைக் கேட்டால் பாவம், அவருக்கே தெரியாது. அவரோடு சண்டை போடாதே.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. இன்று ஞாயிறு, திறந்திருக்கும். ஓசூரானாலும், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர், கிருஷ்ணகிரியானாலும், உன் பகுதி நூலகத்துக்குப் போ. கணினி இருக்கிறதா என்று பார். இருந்தால் ஓடுகிறதா என்று பார். பல இடங்களிலே உறை போட்ட கணினியே பெரும் தடை. ஓடினால், பாட ஐயம் கேட்கிற தளம் ஒன்றைத் திறந்து பார்; தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கத்தைத் திறந்து பார். பள்ளிக்கு நீயாக நுழைய முடியாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்திலே இருக்கிற தோழரைக் கேட்கச் சொல். அடைபட்டிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலே மனுப் போடு. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளிலே விடை தரவேண்டும். எந்த எழுத்து ஆணையின்படி அடைக்கப்பட்டது, பட்டியலை எழுதியது யார், ஒரு தளத்தைத் திறக்கக் கோரினால் முடிவெடுக்கும் அதிகாரி யார், எத்தனை நாளிலே முடிவெடுப்பார் என்று கேள். மனுவைத் தமிழிலே எழுது. உன் வீட்டிலோ தெருவிலோ பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் இருந்தால் அவளையே எழுதச் சொல். விடை வந்ததும் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. வராவிட்டால் வரவில்லையென்று முப்பத்தோராம் நாள் ஓர் அஞ்சலட்டை போடு.